பாலி குண்டுவெடிப்பும் செமாராங் வகுப்பறையும்: பல நாட்டுக் காவலர்கள் ஒன்றாகப் பயிற்சி பெறுவது எதற்கு?

2002 அக்டோபர் 12, சனிக்கிழமை இரவு. இந்தோனேசியாவின் பாலித் தீவில் கூட்டா என்ற சுற்றுலாப் பகுதி. பேடிஸ் பப் என்ற மதுக்கூடத்துக்குள் ஒருவன் முதுகுப்பையில் கொண்டுவந்த குண்டு முதலில் வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அந்தத் தெருவில், எதிரே இருந்த சாரி கிளப்பின் வாசலில் நின்ற வேன் சில நொடிகளில் வெடித்தது. 202 பேர் இறந்தார்கள். அவர்களில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள், மற்றவர்கள் இந்தோனேசியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

குற்றம் நடந்த மண் ஒரு நாட்டுக்குச் சொந்தம். இறந்தவர்களோ பல நாட்டவர். சதியில் ஈடுபட்ட ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் ஆட்கள் மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் வரை பரவியிருந்தார்கள். இப்படிப்பட்ட வழக்கை ஒரு நாட்டுக் காவல்துறை தனியாக முடிக்க முடியாது. எனவே இந்தோனேசியக் காவல்துறையும் ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவல்துறையும் சேர்ந்து விசாரித்தன. இந்தோனேசியத் தரப்பில் தலைமை ஏற்றவர் இ மாடே மங்கு பஸ்திகா.

வழக்கு திறந்த விதம் கவனிக்க வேண்டியது. வெடித்த வேன் மிட்சுபிஷி எல்300. அதன் சேசிஸ் எண்ணைக் குற்றவாளிகள் முன்கூட்டியே அழித்துவிட்டிருந்தார்கள். ஆனால் இடிபாடுகளில் கிடைத்த சேசிஸ் துண்டு ஒன்றில் இன்னொரு எண் தப்பியிருந்தது. அந்த வேன் ஒரு காலத்தில் பயணிகள் வண்டியாக ஓடியிருக்கிறது. நம்மூரில் வாடகை வண்டிக்கு எஃப்.சி. காட்டுவதுபோல, இந்தோனேசியாவிலும் பயணிகள் வண்டிகள் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். அந்தச் சோதனையின் பேரில் குத்திய எண் அது. அதை வைத்து, வண்டி கைமாறிய வரிசையை ஒவ்வொரு உரிமையாளராகத் தேடிப் போனார்கள். கடைசியாக வாங்கியவன் கிழக்கு ஜாவாவின் லமோங்கான் பகுதியைச் சேர்ந்த அம்ரோசி. நவம்பர் 5 அன்று, குண்டு வெடித்த 24ஆம் நாளில், அவன் கைதானான்.

ஆஸ்திரேலியர்களிடம் நல்ல ஆய்வகமும் பெரிய விபத்துகளில் சடலங்களை அடையாளம் காணும் அனுபவமும் இருந்தன. ஆனால் பயணிகள் வண்டிக்கு இரண்டாவது எண் ஒன்று இருக்கும், எங்கே இருக்கும், எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் அதைத் தேடலாம் என்பது உள்ளூர்க் காவலர்களின் அறிவு. பிராந்தியப் பயிற்சி, அதாவது ஒரு வட்டாரத்தின் பல நாட்டுக் காவலர்கள் சேர்ந்து பயிற்சி பெறுவது, என்ற ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். பணக்கார நாடு ஏழை நாட்டுக்குப் பாடம் நடத்துவது என்று அதைப் புரிந்துகொண்டால் தொடக்கத்திலேயே தவறிவிடுவோம்.

மூன்று வேறு வேலைகள்

‘பயங்கரவாத எதிர்ப்பில் சர்வதேச ஒத்துழைப்பு’ என்று செய்தித்தாள்கள் ஒரே சொற்றொடரில் முடித்துவிடுகின்றன. அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

முதலாவது தகவல் பகிர்வு. ஒரு நாட்டுக் காவல்துறை இன்னொரு நாட்டுக் காவல்துறைக்குப் பெயர், கடவுச்சீட்டு எண், தொலைபேசி எண் போன்றவற்றைத் தருவது. இது துப்பு மட்டும்தான். அப்படியே எடுத்து நீதிமன்றத்தில் வைக்க முடியாது.

இரண்டாவது சட்ட உதவி. வங்கிக் கணக்கு விவரமோ சாட்சியின் வாக்குமூலமோ நீதிமன்றம் ஏற்கும் வடிவில் வேண்டுமென்றால், இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும், அமைச்சகம் வழியாகக் கோரிக்கை போக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே இப்படி ஓர் ஒப்பந்தம் 1995இல் கையெழுத்தாகி 1999இல் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது பயிற்சி. முதல் இரண்டையும் சரியாகச் செய்யத் தெரிந்த ஆட்களை உருவாக்குவது. எதைத் தொலைபேசியில் கேட்கலாம், எதற்கு முறைப்படி கோரிக்கை அனுப்ப வேண்டும் என்ற வேறுபாடு தெரியாத அதிகாரி, வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் சாட்சியத்தை இழப்பார். பல நாட்டு வகுப்புகளில் முதல் நாளே இதைத்தான் சொல்லித்தருகிறார்கள், அல்லது சொல்லித்தர வேண்டும்.

செமாராங் மையம்

பாலி வழக்கின் கூட்டு விசாரணை நன்றாக நடந்ததற்கு ஒரு காரணம், இரு காவல்துறைகளுக்கும் முன்பே பழக்கம் இருந்ததுதான். எல்லை தாண்டிய குற்றங்கள் பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம் குண்டுவெடிப்புக்குச் சில மாதங்கள் முன்பே, அதே 2002இல் கையெழுத்தாகியிருந்தது. அந்தப் பழக்கத்தை நிரந்தரமாக்க ஒரு கட்டடமும் பாடத்திட்டமும் தேவைப்பட்டன.

2004 பிப்ரவரியில் பாலியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் இரு நாடுகளும் அறிவிப்பு வெளியிட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு 3.68 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஆஸ்திரேலியா சொன்னது. இந்தோனேசியா, மத்திய ஜாவாவின் செமாராங் நகரில் உள்ள தன் காவல்துறை அகாதமி வளாகத்தில் இடம் கொடுத்தது. மையம் அதே ஆண்டு திறக்கப்பட்டது. பெயர் ‘ஜகார்த்தா சட்ட அமலாக்க ஒத்துழைப்பு மையம்’, சுருக்கமாக ஜேக்லெக். பெயரில்தான் ஜகார்த்தா, இருப்பது செமாராங்கில். நிர்வாகத்தில் இந்தோனேசியக் காவல் அதிகாரி ஒருவரும் ஆஸ்திரேலிய அதிகாரி ஒருவரும் சேர்ந்து பொறுப்பு வகிக்கும்படி அமைத்தார்கள். பின்னாளில் வேறு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனி வகுப்புகளுக்குச் செலவை ஏற்றிருக்கின்றன.

இந்த வகையில் இது முதல் மையமும் அல்ல, ஒரே மையமும் அல்ல. அமெரிக்காவும் தாய்லாந்தும் 1998இல் செய்த ஒப்பந்தத்தின்படி பாங்காக்கில் சர்வதேச சட்ட அமலாக்க அகாதமி வந்தது. அதற்கு முன்னோடி 1995இல் புடாபெஸ்ட்டில் திறந்த அகாதமி. மலேசியா 2003இல் தன் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் கோலாலம்பூரில் ஒரு பிராந்திய மையத்தைத் தொடங்கியது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2007இல் பிலிப்பைன்ஸின் செபுவில் கையெழுத்திட்ட பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை 2011இல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும் ஒத்துழைப்பின் ஒரு பகுதி என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஒரு வகுப்பு எப்படி உருவாகிறது

பயங்கரவாத எதிர்ப்புப் பயிற்சி என்றதும் கறுப்பு உடையில் கயிறு பிடித்து இறங்கும் அதிரடிப் படைதான் கண்முன் வரும். அதுவும் உண்டு. இந்தோனேசியாவில் 2003இல் உருவான டென்சஸ் 88 என்ற சிறப்புப் பிரிவு அமெரிக்க உதவியுடன் அப்படிப்பட்ட பயிற்சி பெற்றது. ஆனால் பல நாட்டு மையங்களில் நடப்பவற்றில் பெரும்பகுதி மேசை வேலை: வெடிப்பு நடந்த இடத்தை ஆராய்வது, பணப் போக்கைத் தொடர்வது, தகவலைப் பகுத்தாய்வது, பெரிய விசாரணையை நிர்வகிப்பது. வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

வகுப்புக்குப் பொதுவாக 20 முதல் 25 பேர் சரியான அளவு. ஒரு நாட்டிலிருந்து ஒரே ஓர் ஆளை அழைத்தால் அவர் ஊர் திரும்பியதும் தனித்துவிடுவார், புதுப் பழக்கத்தைத் தன் அலுவலகத்தில் நுழைக்க அவருக்குத் துணை கிடைக்காது. இரண்டு மூன்று பேராக, அதுவும் ஒரே பிரிவிலிருந்து வந்தால் நிலைமை மாறும். ஒரு விசாரணை அதிகாரி, ஒரு தடயவியல் ஆள், முடிந்தால் ஓர் அரசு வழக்கறிஞர் என்று வந்தால் இன்னும் நல்லது. சாட்சியம் எங்கே உடையும் என்று வழக்கறிஞர்தான் உடனே சொல்வார்.

அழைப்பு தூதரகம் வழியாகவோ காவல்துறைத் தலைமையகத்தின் வெளிநாட்டு உறவுப் பிரிவு வழியாகவோ போகும். இங்கேதான் முதல் ஓட்டை. ‘தகுந்த அதிகாரியை அனுப்பவும்’ என்று எழுதினால், ஓய்வு பெற ஆறு மாதம் இருப்பவரோ, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார் என்பதால் எல்லா வெளிநாட்டுப் பயணத்துக்கும் போகிறவரோ வந்து சேருவார். கடிதத்திலேயே நிபந்தனை போட வேண்டும்: இப்போது வெடிப்பு வழக்குகளைக் கையாளும் பிரிவில் இருக்க வேண்டும், பயிற்சி முடிந்தபின் குறைந்தது ஓராண்டு அதே பிரிவில் தொடர்வார் என்று மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு வரி மூன்று வாரப் பாடத்தைவிடப் பயன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்தது மொழி. தொடர் மொழிபெயர்ப்பு என்றால் பயிற்றுநர் இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த, மொழிபெயர்ப்பாளர் சொல்ல, நேரம் பாதியாகக் குறையும். ஐந்து நாள் பாடத்தில் உண்மையில் கிடைப்பது இரண்டரை நாள். காதுக்கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் வேண்டும், 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், இல்லாவிட்டால் களைப்பில் தவறு நுழையும். எதைத் தேர்ந்தாலும் பாடக் குறிப்புகள் இரண்டு மூன்று வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போயிருக்க வேண்டும். கூடவே ஒரு சொற்பட்டியலும். ‘சந்தேக நபர்’, ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற இரண்டையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டால், கைதுச் சட்டம் பற்றிய அன்றைய வகுப்பு முழுவதும் பாழ்.

உட்காரவைப்பதிலும் கவனம் வேண்டும். விட்டால் ஒவ்வொரு நாட்டுக்காரரும் தம் நாட்டவருடன்தான் உட்காருவார்கள். முதல் நாளே மேசைக்கு ஐந்து பேர், ஒரே நாட்டவர் இருவருக்கு மேல் கூடாது என்று பிரித்துவிட வேண்டும். பதவி வேறுபாடும் தொல்லை தரும். கர்னல் தரத்தில் இருப்பவர் முன்னால் இளநிலை அதிகாரி வாயைத் திறக்க மாட்டார். பதவி இடைவெளி இரண்டு படிகளுக்கு மேல் போனால் தனி வகுப்பு வைப்பது நல்லது.

வெடிப்பு இடப் பயிற்சி: உள்ளே என்ன இருக்கிறது

ஒரு பாடத்தையாவது உள்ளே போய்ப் பார்ப்போம். திறந்தவெளியில் ஒரு பழைய வாகனத்தை வல்லுநர்கள் பாதுகாப்பாக வெடிக்கவைத்துவிட்டு, அந்த இடத்தைக் குழுக்களிடம் ஒப்படைப்பார்கள். அங்கிருந்து கடிகாரம் ஓடும்.

முதல் கேள்வி: இன்னொரு குண்டு இருக்கிறதா? பாலியில் முதல் வெடிப்பு மக்களைத் தெருவுக்குத் துரத்தியது, இரண்டாவது அங்கே காத்திருந்தது. எனவே உதவிக்கு ஓடும் அவசரத்திலும், கூடுமிடங்களையும் நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் சோதித்த பிறகே ஆட்களை ஒருங்கிணைக்க வேண்டும். காயமுற்றவர்களை மீட்பது எல்லாவற்றுக்கும் மேல். தடயம் அதற்காகக் கெட்டால் கெடட்டும், எந்த வழியாக உள்ளே போனோம் என்பதை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

அடுத்தது எல்லை கட்டுவது. வெடித்த மையத்திலிருந்து மிகத் தொலைவில் கிடைத்த துண்டு வரை அளந்து, அதனுடன் பாதியைக் கூட்டிக்கொள்வார்கள். 200 மீட்டரில் ஒரு துண்டு கிடைத்தால் 300 மீட்டரில் கயிறு. பிறகு 250இல் இன்னொன்று கிடைத்தால் எல்லையை 375க்குத் தள்ள வேண்டும். கயிற்றைச் சுருக்குவது எளிது, பின்னர் விரிப்பது கடினம், அதற்குள் ஆட்கள் மிதித்திருப்பார்கள். பயிற்சியில் குழுக்கள் செய்யும் முதல் தவறு பெரும்பாலும் இதுதான்: கட்டடத்துக்கு 50 மீட்டரில் கயிறு கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவது.

உள்ளே நுழைய ஒரே வாசல், வாசலில் ஒரு பதிவேடு. யார், எத்தனை மணிக்கு, எதற்கு என்று எழுதாமல் யாரும் போகக் கூடாது. பயிற்சியின் நடுவில் பயிற்றுநர் ஒருவர் அமைச்சராக நடித்து, பரிவாரத்துடன் வந்து உள்ளே போகக் கேட்பார். வாசலில் நிற்கும் இளைய காவலர் மறுப்பாரா? நிஜத்தில் தடயம் அழிவதற்கு இந்த மரியாதை ஒரு பெரிய காரணம் என்பதால்தான் அந்தக் காட்சியைச் சேர்க்கிறார்கள். வெளி எல்லையில் பேட்டி கொடுக்க ஓர் இடம் தயார் செய்து, அமைச்சரை மரியாதையாக அங்கே அழைத்துப்போகக் கற்றுக்கொண்ட குழுதான் தேர்ச்சி பெற்ற குழு.

பிறகு படம், வரைபடம், கட்டம் பிரித்தல், பொறுக்குதல். பொறுக்குபவர் பலர் இருக்கலாம், பொருளைப் பெற்றுப் பதிவு செய்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். வெடிமருந்து எச்சம் இருக்கக்கூடிய பொருளைச் சாதாரண பாலிதீன் பையில் போடக் கூடாது, அது ஆவியைக் கசியவிடும். மூடி இறுகும் புதிய தகர டப்பாவோ அதற்கான நைலான் பையோ வேண்டும். பொருள் எடுக்கும் முன் கையுறையிலும் பயன்படுத்தாத பஞ்சிலும் ‘வெற்று மாதிரி’ ஒன்று எடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால், அந்த எச்சம் காவலரின் கையிலிருந்தே வந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும்போது பதில் இருக்காது. இங்கே ஒரு பாடத்திட்டப் பிழையையும் சொல்லியாக வேண்டும். நைலான் பை கிடைக்காத ஊரிலிருந்து வந்தவருக்கு நைலான் பையில் மட்டும் பழக்கம் கொடுத்தால் அவர் ஊர் திரும்பிப் பழையபடி பாலிதீனுக்கே போவார். அவர் ஊர்க் கடையில் கிடைக்கும் புதிய பெயின்ட் டப்பாவைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதே பயிற்சி.

இறந்தவர்களை அடையாளம் காண்பது தனிப் பாடம். இன்டர்போல் முறையில் இரண்டு படிவங்கள் உண்டு. சடலத்திலிருந்து எடுக்கும் விவரங்களுக்கு இளஞ்சிவப்பு, குடும்பத்தாரிடமிருந்து பெறும் விவரங்களுக்கு மஞ்சள். கைரேகை, பல், டிஎன்ஏ என்ற மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். முகம் பார்த்தோ மோதிரம் பார்த்தோ மட்டும் ஒப்படைக்கக் கூடாது. பாலியில் வெப்பம் தாங்காமல் சாங்லா மருத்துவமனையில் சடலங்களை ஐஸ்கட்டி கொண்டு காத்தார்கள். உறவினர்கள் உடனே உடலைக் கேட்டுத் தவித்தார்கள், முறையான அடையாளம் காணலுக்கோ நாட்கள் ஆயின. தவறான உடலை ஒரு குடும்பத்திடம் கொடுத்தால் இரண்டு குடும்பங்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். காத்திருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதையும் பாடத்தில் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்காத பாடம் அரைகுறை.

சட்டங்கள் வேறு, மனசாட்சிக் கேள்விகளும் வேறு

ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களின் சட்டங்கள் ஒன்றல்ல. இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், உளவு அறிக்கையை ஆரம்பகட்ட ஆதாரமாகப் பயன்படுத்தலாம் என்கிறது. மாவட்ட நீதிமன்றத் தலைவர் மூன்று நாட்களுக்குள் அதைப் பரிசீலிக்க வேண்டும். வேறு பல நாடுகளில் உளவு அறிக்கை ஆதாரமாக எடுபடாது. கைதுக் காலம் அந்தச் சட்டத்தில் 7 நாள். கிழக்கு ஜாவாவின் சுராபாயா நகரில் தேவாலயங்கள் தாக்கப்பட்ட 2018 மே மாதமே சட்டத்தைத் திருத்தி 14 நாளாகவும், மேலும் 7 நாள் நீட்டிக்கத்தக்கதாகவும் ஆக்கினார்கள். எனவே ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று ஒரே நாட்டின் நடைமுறையைப் பாடமாக்க முடியாது. எல்லா நீதிமன்றங்களிலும் நிற்கக்கூடியது எது என்று பார்க்க வேண்டும்: தடயப் பொருள் யார் யாரிடம் கைமாறியது என்ற சங்கிலி அறாத பதிவு, கட்டாயப்படுத்தாத வாக்குமூலம், பதிவு செய்த விசாரணை. அடித்துப் பெற்ற வாக்குமூலம் எங்கும் நிற்கக் கூடாதது. அதோடு, அடிபட்டவர் வாய்க்கு வந்த பெயரைச் சொல்வார், விசாரணை தவறான வாசலில் போய் நிற்கும். அமெரிக்கப் பணத்தில் பயிற்சி என்றால், கடுமையான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தக்க தகவல் உள்ள பிரிவுகளுக்கு அந்தப் பணம் போகக் கூடாது என்று லேஹி சட்டம் தடுக்கிறது.

இன்னும் கனமான கேள்வி மரண தண்டனை. 2005 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் காவல்துறை கொடுத்த தகவலை வைத்து, ஹெராயின் கடத்திய ஒன்பது ஆஸ்திரேலியர்கள் பாலியில் பிடிபட்டார்கள். பயங்கரவாத வழக்கு அல்ல, ஆனால் தகவல் போனது அதே காவல்துறைப் பாலத்தின் வழியாகத்தான். அவர்களில் ஆண்ட்ரூ சானும், இலங்கைத் தமிழ்ப் பின்னணியைக் கொண்ட மயூரன் சுகுமாரனும் 2015 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரண தண்டனை இல்லாத நாடு, அது உள்ள நாட்டுக்குக் கொடுக்கும் தகவல் தன் குடிமகனின் உயிரையே எடுக்கலாம். இந்த வழக்குக்குப் பின் ஆஸ்திரேலியக் காவல்துறை இத்தகைய தகவல் பகிர்வுக்கான தன் வழிகாட்டு நெறிகளை இறுக்கியது. தகவல் கொடுக்கும் முன் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எதை எழுத்தில் வைக்க வேண்டும் என்பது இன்று வகுப்பில் சொல்லித்தர வேண்டிய பாடங்களில் ஒன்று.

அரசியலும் இருக்கிறது. அன்றைய இந்தோனேசிய அதிபர் யுதோயோனோவின் தொலைபேசியை ஆஸ்திரேலிய உளவு அமைப்பு 2009இல் ஒட்டுக்கேட்க முயன்றதாக 2013 நவம்பரில் தெரியவந்தது. இந்தோனேசியா ராணுவக் கூட்டுப் பயிற்சிகளையும் உளவுத் தகவல் பரிமாற்றத்தையும் நிறுத்தியது. 2014 ஆகஸ்ட்டில் நடத்தை விதி ஒன்றில் கையெழுத்திட்ட பிறகே உறவு சீரானது. பயிற்சி ஏற்பாடு ஒரே நாட்டின் பணத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் அறுந்துபோகும். செலவை ஏற்கப் பல நாடுகள் இருப்பது இந்த வகையில் நல்லது. ஆனால் அதற்கும் விலை உண்டு: மூன்று நாடுகள் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே ஆண்டில் ஒரே பாடத்தை நடத்துவது, ஒரே அதிகாரி மூன்றுக்கும் போவது. யார் எந்த வகுப்புக்குப் போனார் என்ற பொதுப் பதிவேடு ஒன்றை அந்தந்த நாட்டுக் காவல்துறையே வைத்திருந்தால் இது நின்றுவிடும்.

பலித்ததா என்று பார்ப்பது

கடைசி நாள் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிக நன்று’ என்றே எழுதுவார்கள். உணவும் விடுதியும் நன்றாக இருந்தன என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே தேர்வை வைத்தால் கற்றது எவ்வளவு என்று தெரியும். உண்மையான சோதனைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். அவர் இன்னும் அதே பிரிவில் இருக்கிறாரா? வகுப்பில் பழகிய வேறு நாட்டு அதிகாரி ஒருவரையாவது வேலை தொடர்பாகத் தொடர்புகொண்டாரா, அதற்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது? மூன்றாவதற்கு அவருடைய அலுவலகத்துக்கே போக வேண்டும். அண்மையில் முடித்த வழக்குக் கட்டு ஒன்றை எடுத்து, தடயப் பொருள் கைமாறிய படிவத்தைத் தேட வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் நேரே தேதியும் மணியும் இருக்கின்றனவா, இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே பொருள் எங்கே இருந்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி காலியாக இருந்தால், அடுத்த வகுப்பை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.